இருபத்தைந்தில் ஒரு பங்கு: மாதிரி லாரிகளும் வரலாற்றுச் சான்றும்

ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் சரக்கு ஏற்றிச் சென்ற மாட்டுவண்டிகளில் ஒன்றுகூட முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. மரம் மட்கிவிட்டது. தெருக்களில் சக்கரத் தடங்கள் சில எஞ்சியுள்ளன. ஆயினும் வண்டியின் சட்டம் எவ்வாறு அமைந்தது, அச்சு எங்கே பொருந்தியது, பக்கக் கழிகள் எந்தத் துளைகளில் நின்றன என்பவற்றை ஆய்வாளர் ஊகிக்க முடிவது, சுட்ட மண்ணால் செய்த கையளவு வண்டிகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால்தான். எகிப்திலும் இதுவே நிகழ்ந்தது. 1920இல் தீப்ஸ் நகரருகே மெக்கெட்ரே என்னும் அதிகாரியின் கல்லறையிலிருந்து வெளிப்பட்ட மர மாதிரிகள், பண்டைய எகிப்தியரின் படகுகளையும் பட்டறைகளையும் பற்றிப் பல நுணுக்கங்களைக் கற்பித்தன. அசல் அழிந்த இடத்தில் சிற்றுரு சான்றாக நிற்கிறது.

இந்த எளிய உண்மையை இருபதாம் நூற்றாண்டின் சரக்கு லாரிக்குப் பொருத்திப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம். கார்களைச் சேகரிப்போர் உண்டு. அவற்றுக்கு அருங்காட்சியகங்களும் அணிவகுப்புகளும் உண்டு. லாரியின் கதி வேறு. உழைக்கும் வரை உழைத்துவிட்டு அது உடைப்புக் கூடத்திற்குப் போகிறது. எஞ்சின் ஒரு வண்டிக்கும் அச்சு இன்னொரு வண்டிக்கும் போக, இரும்பு எடைக்குப் போகிறது. அதன் உருவத்தையும் உறுப்புகளையும் அளவெடுத்து, விகிதம் பிசகாமல் குறுக்கிக் கட்டிப் பாதுகாப்பவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்காளர்கள். அவர்களது செயலைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கும் வழக்கம் கல்விப்புலத்தில் இன்னும் நீங்கவில்லை. அவ்வழக்கத்தால் நாம் இழப்பது என்ன என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி.

தொடக்கத்தை அமெரிக்காவில் தேட வேண்டும். 1930இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு சிறுவர்களுக்கென ஒரு கைவினைப் போட்டியைத் தொடங்கியது. நெப்போலியன் காலக் குதிரை வண்டியொன்றின் நுண்மாதிரியைத் தம் கையாலேயே செய்து அனுப்ப வேண்டும். வென்றவர்க்குப் பல்கலைக்கழகக் கல்வி உதவித்தொகை. பின்னர்க் குதிரை வண்டியின் இடத்தைக் கார் வடிவமைப்பு பிடித்துக்கொண்டது. 1968 வரை நடந்த இப்போட்டியின் வழியாக வந்த பலர் அமெரிக்க வாகன வடிவமைப்புத் துறையில் பணியாற்றினர். மாதிரி கட்டுதல் அங்குத் தொழிற்கல்வியாகவும், ஆள்சேர்ப்பாகவும், நிறுவன விளம்பரமாகவும் ஒருங்கே அமைந்தது. சிறுமியர்க்கு அதில் இடமில்லை என்பதும் அந்த வரலாற்றின் பகுதியே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெகிழி வார்ப்பு மலிவானது. 1948இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி. நிறுவனம், கார் விற்பனையாளர்கள் வாடிக்கையாளருக்கு வழங்குவதற்கான சிறு மாதிரிகளை வார்த்துக் கொடுத்தது. அவ்வாண்டுப் புதுக் காரின் தோற்றத்தையும் வண்ணத்தையும் மேசைமேல் வைத்துக் காட்டும் விற்பனைக் கருவி அது. 1958இல் அந்நிறுவனம் உறுப்புகளைத் தனித்தனியே பெட்டியிலிட்டு, ‘ஒன்றில் மூன்று’ என்னும் கிட்களாக விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியிலிருந்து தொழிற்சாலை வடிவத்தையும் கட்டலாம். பந்தய வடிவத்தையும் கட்டலாம். விருப்பத்திற்கேற்ப மாற்றிய ‘கஸ்டம்’ வடிவத்தையும் கட்டலாம். கலிஃபோர்னியாவில் கார்களை உருமாற்றிப் புகழ்பெற்ற ஜார்ஜ் பாரிஸ் போன்றோரை அந்நிறுவனம் ஆலோசகர்களாக அமர்த்திக்கொண்டது. தெருவில் வளர்ந்த கலை ஒன்று இவ்வாறு தொழிற்சாலைப் பெட்டிக்குள் புகுந்தது. ‘கஸ்டம்’ என்ற சொல்லும் அதனுடன் சேர்ந்தே பரவியது.

லாரி கிட்கள் சற்றுப் பிந்தி வந்தன. 1960களின் இறுதியிலும் 1970களிலும் பீட்டர்பில்ட் 359, கென்வொர்த் டபிள்யூ-925, ஜி.எம்.சி. ஆஸ்ட்ரோ 95, ஒயிட் ஃபிரெய்ட்லைனர் எனப் பல லாரிகளை ஏ.எம்.டி. 1:25 விகிதத்தில் வெளியிட்டது. அயோவா மாநிலத்தில் உழவு இயந்திர மாதிரிகளால் பெயர்பெற்ற எர்ட்டில் நிறுவனம், இன்டர்நேஷனல் நிறுவனத்தின் டிரான்ஸ்டார் லாரிகளை வெளியிட்டது. காலம் அதற்கு வாய்ப்பாக இருந்தது. எண்ணெய் நெருக்கடி, லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தங்கள், அவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட சி.பி. வானொலி ஆகியவை லாரிக்காரரை நாட்டார் நாயகனாக்கியிருந்தன. 1974இல் தொலைக்காட்சியில் வந்த ‘மூவின் ஆன்’ தொடரும், 1977இல் வெளியான ‘ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்’ திரைப்படமும் அந்த அலையின் மேலெழுந்தவை. சொந்த லாரி வைத்திருந்த ஓட்டுநர் தம் வண்டியைக் குரோம் பூச்சாலும் விளக்குகளாலும் அணிசெய்தார். லாரி வாங்க இயலாதவர் அதையே மேசைமேல் செய்தார்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அக்காலக் கிட்களில் மூக்கு நீண்ட லாரிகளோடு, எஞ்சினுக்கு மேலேயே ஓட்டுநர் அறை அமர்ந்த தட்டை முக லாரிகளும் சரிபாதி போல இடம்பெறுகின்றன. காரணம் அழகியல் அன்று, சட்டம். இழுவண்டியும் பின்வண்டியும் சேர்ந்த மொத்த நீளத்திற்கு மாநிலங்கள் உச்சவரம்பு வைத்திருந்தன. மூக்கைச் சுருக்கினால் அந்த அளவு சரக்குக்குக் கிடைக்கும். 1982இல் கூட்டாட்சி அரசு இயற்றிய தரைவழிப் போக்குவரத்து உதவிச் சட்டம், தேசிய நெடுஞ்சாலைப் பிணையத்தில் மொத்த நீளத்திற்கு வரம்பிடும் மாநில அதிகாரத்தை நீக்கியது. அதன்பின் தட்டை முகத்திற்குத் தேவை குறைந்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் வட அமெரிக்கச் சாலைகளுக்கான புதிய நெடுந்தொலைவு லாரிகளில் அவ்வடிவம் ஏறக்குறைய மறைந்துபோனது. ஐரோப்பாவில் நேர்மாறு. அங்கு இணைப்பு வண்டியின் மொத்த நீளம் 16.5 மீட்டரைத் தாண்டலாகாது என்ற விதி நீடிப்பதால் தட்டை முகமே நிலைபெற்றது. 1980கள் முதல் இத்தாலிய நிறுவனமான இத்தாலெரி 1:24 விகிதத்தில் வெளியிட்டு வரும் வோல்வோ, ஸ்கானியா, டாஃப் மாதிரிகளை அமெரிக்கக் கிட்களோடு அருகருகே வைத்தால், இரு கண்டங்களின் போக்குவரத்துச் சட்டங்கள் நெகிழியில் வார்க்கப்பட்டு நிற்பதைக் காணலாம்.

விகிதங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று குறுக்கினால் வருவது 1:24. எட்டடி அகல லாரி அதில் சரியாக நான்கு அங்குலம். 1:25 பதின்ம முறையில் வரையும் பொறியாளரின் அளவுகோலோடு இயைந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். 1:87 தொடர்வண்டி மாதிரிகளிலிருந்து வந்தது, அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்பது அதன் கணக்கு. வீக்கிங், ஹெர்பா ஆகிய ஜெர்மானிய நிறுவனங்களின் லாரிகள் இவ்விகிதத்தில் அமைகின்றன. 1993இல் ஜப்பானின் தாமியா ‘கிங் ஹாலர்’ என்ற பெயரில் வெளியிட்ட, வானொலி அலையால் இயங்கும் லாரியோ 1:14. எந்த அளவில் குறுக்குவது என்ற தேர்வு, எதை விட்டுவிடலாம் என்ற தேர்வும் ஆகும். 1:87இல் சக்கர மறை ஒரு புள்ளி. 1:24இல் அது ஆறு பட்டை கொண்ட உறுப்பு. 1:14இல் அது கழற்றி மாட்டக்கூடிய உண்மையான மறை.

இனி, பெட்டியில் வராத லாரியைக் கட்டும் முறைக்கு வருவோம். நிறுவனங்கள் நன்கு விற்பனையாகும் வடிவங்களையே வார்க்கும். தம் தந்தை ஓட்டிய பால் வண்டியையோ, ஊர்ச் சர்க்கரை ஆலையின் கரும்பு லாரியையோ விரும்புகிறவர் அதைத் தாமே கட்டியாக வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. ஒரு கிட்டின் அறை, இன்னொன்றின் எஞ்சின், வேறொன்றின் பின்னச்சு எனச் சேர்ப்பது ‘கிட்-பாஷிங்’. வெற்று பாலிஸ்டைரீன் தகட்டிலிருந்து ஒவ்வோர் உறுப்பையும் வெட்டி எடுப்பது ‘ஸ்க்ராட்ச் பில்ட்’. மொழியியல் பயின்றவர்க்கு இவ்விரண்டும் அன்னியமானவை அல்ல. இருக்கும் சொற்களைச் சேர்த்துத் தொகைச்சொல் ஆக்குவதும், வேரிலிருந்து புதுச்சொல் படைப்பதும் போன்றவை அவை. தொகைச்சொல்லில் புணர்ச்சி பிழைத்தால் காது கண்டுபிடித்துவிடும். அவ்வாறே 1:25 அறையை 1:24 சட்டத்தில் ஏற்றினால் நான்கு விழுக்காட்டு வேறுபாட்டைக் கண் கண்டுபிடித்துவிடும்.

வேலை சட்டத்திலிருந்து தொடங்குகிறது. 4.2 மீட்டர் அச்சிடைத் தொலைவு கொண்ட லாரிக்கு 1:24இல் 17.5 சென்டிமீட்டர் வேண்டும். கிட்டின் சட்டம் நீளமாக இருந்தால் நடுவில் அறுத்துச் சுருக்கி, உட்புறம் ஒரு பட்டை வைத்து ஒட்ட வேண்டும். வெட்டு நேராக இல்லையெனில் நான்கு சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடாது. அடுத்து வில்பட்டைகள்: இலையிலையாக நெகிழிக் கீற்றுகளை அடுக்கி வளைப்பர். ஒரே உறுப்பு பல எண்ணிக்கையில் வேண்டுமானால் ஒன்றைச் செம்மையாகச் செய்து, சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, பாலியூரித்தேன் ரெசின் ஊற்றிப் படியெடுப்பர். எழுத்துகளுக்கும் சின்னங்களுக்கும் நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால்கள். சாதாரண அச்சுப்பொறியால் வெள்ளை நிறத்தை அச்சிட முடியாது என்பதால், வெள்ளையையும் உலோக நிறங்களையும் அச்சிடவல்ல ஆல்ப்ஸ் அச்சுப்பொறிகளை, உற்பத்தி நின்ற பின்னும், இப்பொழுதுபோக்காளர்கள் தேடி வாங்கிப் பேணினர். 2009இல் முப்பரிமாண அச்சு முறையொன்றின் அடிப்படைக் காப்புரிமை காலாவதியானது. அதன்பின் மலிவான கருவிகள் பெருகி, சிலிக்கோன் அச்சின் பணியில் ஒரு பகுதியைக் கணினிக் கோப்பு ஏற்றுக்கொண்டது.

இவ்வாறு தமக்கெனச் செய்தவற்றைப் பிறர்க்கும் விற்கத் தொடங்கியதிலிருந்து வீட்டுக் கொட்டகைத் தொழில்கள் சில பிறந்தன. இங்கிலாந்தின் கே.எஃப்.எஸ்., ஆஸ்திரேலியாவின் ஆஸ்லோ முதலிய சிறு நிறுவனங்கள் பெருநிறுவனங்கள் தொடாத உள்நாட்டு லாரிகளை ரெசினில் வார்க்கின்றன. ஒவ்வொரு நாடும் தன் சாலையின் வடிவத்தைத் தானே பதிவு செய்துகொள்ள வேண்டிய நிலையின் விளைவு இது.

ஜப்பான் இதற்கு வேறொரு முகம் தருகிறது. அங்கு விளக்குகளும் பளபளக்கும் உலோகத் தகடுகளும் சுவர்ச் சித்திரங்களும் நிறைந்த லாரிகளை ‘தெகோதோரா’ என்பர். ‘டெகரேஷன் டிரக்’ என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் ஜப்பானிய வடிவங்களைச் சுருக்கி ஒட்டிய சொல் அது. 1975இல் தொயெய் நிறுவனம் வெளியிட்ட ‘டொராக்கு யாரோ’ திரைப்படமும், 1979 வரை தொடர்ந்த அதன் வரிசையும் இவ்வழக்கத்தை நாடறியச் செய்தன. ஷிசுவோக்காவைச் சேர்ந்த அவோஷிமா நிறுவனம் தெகோதோராக்களை 1:32 விகிதத்தில் கிட்களாகத் தொடர்ந்து வெளியிட்டு வந்துள்ளது; திரையில் வந்த ‘இச்சிபான்போஷி’ லாரியும் அவற்றில் ஒன்று. இங்கு அசலே ஒரு கஸ்டம் படைப்பு. ஓட்டுநர் தம் லாரியை அணிசெய்கிறார். நிறுவனம் அதைக் கிட்டாக்குகிறது. கட்டுபவர் அதை மீண்டும் தம் விருப்பப்படி மாற்றுகிறார். படைப்பாளர் யார் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை.

இந்தியாவுக்கு வருவோம். 1960களின் பிற்பகுதியில் பிரித்தானிய டிங்கி பொம்மைகளின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து, ‘நிக்கி’ என்ற பெயரில் உலோக வண்டிகள் வார்க்கப்பட்டன. ஆங்கில எழுத்துக்கூட்டலில் பெயரின் இரண்டு எழுத்துகள் மாறின. அச்சுகள் ஐரோப்பியச் சந்தைக்காகச் செதுக்கப்பட்டவை. நம் நெடுஞ்சாலையை நிறைத்த லாரிகளோ 1954இல் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் செய்த உடன்படிக்கையிலிருந்தும், 1955 முதல் அசோக் லேலண்ட் என்ற பெயர் தாங்கிய சென்னை நிறுவனத்திலிருந்தும் வந்தவை. அவற்றைப் பொம்மைகளாகச் செய்தோர் உண்டு. எஞ்சின் முதல் வில்பட்டை வரை உறுப்புறுப்பாகக் கட்டக்கூடிய கிட்களின் மரபு மட்டும் இங்கு வேரூன்றவில்லை.

அதற்கு ஒரு காரணம் நம் லாரியின் இயல்பிலேயே இருக்கிறது. இந்தியாவில் நெடுங்காலம் தொழிற்சாலை விற்றது முழு லாரி அன்று. எஞ்சினும் முகப்புத் தகடும் கொண்ட சேஸ் மட்டுமே. வாங்கியவர் அதைப் பாடி கட்டும் பட்டறைக்கு ஓட்டிச் சென்றார். பஞ்சாபிலும் கேரளத்திலும் நாமக்கல், திருச்செங்கோட்டிலும் இருந்த தச்சரும் கொல்லரும் ஓவியரும் தத்தம் வட்டார மரபுப்படி அதற்கு அறையும் பெட்டியும் கட்டினர். தமிழில் லாரிக்குப் பாடி ‘கட்டுகிறார்கள்’. வீட்டுக்கும் அதே வினைதான். ஆக, இந்திய லாரி ஒவ்வொன்றும் பிறப்பிலேயே கஸ்டம். அதற்கு ஒரே அச்சில் வார்த்த கிட் எப்படிப் பொருந்தும்?

எனவேதான் இந்தியாவில் இக்கலை கிட் இல்லாமலே வளர்ந்தது. கேரளத்தில் அரசுப் பேருந்துகளையும் சரக்கு லாரிகளையும் பி.வி.சி. ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டிக் கட்டும் இளைஞர்கள் பலர் உள்ளனர். அதுவே ஸ்க்ராட்ச் பில்ட். அப்பெயரைக் கேட்டறியாமலே அதில் தேர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. வெளிநாட்டுக் கிட்டை வரவழைக்க எண்ணுவோர்க்கு எதிரே சுங்க அட்டவணை நிற்கிறது. அதன் 9503ஆம் தலைப்பு பொம்மை, புதிர், மூன்று சக்கரச் சிறு மிதிவண்டி ஆகியவற்றோடு ‘அளவு குறைத்த மாதிரி’களையும் ஒரே வகையில் அடக்குகிறது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கும் நோக்குடன் 2020இல் அவ்வகையின் அடிப்படைச் சுங்கவரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. வகைப்பாடு என்பது வெறும் சொல் விளையாட்டு அன்று. அதற்கு விலை உண்டு.

சொல் என்றதும் லாரியின் மேல் எழுதப்பட்டவற்றையும் கூற வேண்டும். 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வாடகைக்குச் சரக்கேற்றும் வண்டியைப் ‘பப்ளிக் கேரியர்’ என்றும், சொந்தச் சரக்குக்கானதைப் ‘பிரைவேட் கேரியர்’ என்றும் பிரித்தது. நெற்றிப் பலகையில் அவ்வாறே எழுதினர். 1988ஆம் ஆண்டுச் சட்டம் அப்பிரிவினையைக் கைவிட்டது. ஓவியரின் தூரிகை சில காலம் பழைய தொடரையே எழுதிவந்தது. 1989க்குப் பின் பதிவெண் முறையும் மாறியது. ஆகவே ஒரு மாதிரி லாரியில் எந்த நெற்றித் தொடருக்குக் கீழே எந்தப் பதிவெண் இடம்பெறுகிறது என்பது காலவழுவாகவும் அமையலாம், சட்டத்துக்கும் வழக்குக்கும் இடைப்பட்ட இடைவெளியின் சான்றாகவும் அமையலாம். முகப்பில் உள்ள எண்ணும் ஒரு சிறு இலக்கணமே. டாட்டா 1210 என்பதில் 12 என்பது டன் கணக்கில் மொத்த எடை. 10 என்பது பத்தின் மடங்கில் குதிரைத்திறன். 1613 என்பதும் அவ்வாறே. அந்த எண்ணைப் பிழையாக ஒட்டினால் வேறொரு லாரியின் பெயரை இதற்குச் சூட்டியதாகிவிடும்.

இச்சான்றுகளுக்கு இப்போது அவசரம் ஏற்பட்டிருக்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட பழைய வாகன அழிப்புக் கொள்கை ஒருபுறம். மறுபுறம், 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று 2023 டிசம்பரில் வெளிவந்த அறிவிக்கை. கோடையில் எஞ்சின் வெப்பத்தோடு வெந்த ஓட்டுநர்களுக்கு இது மிகத் தாமதமாகக் கிடைத்த நீதி; அதை வரவேற்காதிருக்க முடியாது. ஆனால் அதன் பக்கவிளைவாகத் தொழிற்சாலை அறை பரவி, மரச்சட்டத்தில் பட்டறைகள் கட்டிய அறை அருகும். வரைபடமின்றிக் கண்ணளவிலும் கைப்பழக்கத்திலும் இயங்கிய அப்பட்டறைகளின் அறிவு எழுத்தில் பெரிதும் இல்லை. அவற்றை அளவெடுத்துக் குறுக்கிக் கட்டிய மாதிரிகள்தாம் பல இடங்களில் எஞ்சப்போகும் முப்பரிமாணப் பதிவு.

மாதிரியைச் சான்றாக ஏற்கும்போது அதன் சாய்வுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏக்கம் தேர்ந்தெடுக்கும். குரோம் பளபளக்கும் பீட்டர்பில்ட் 359 ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டிருக்க, அணியில்லாத நிறுவன லாரிகள் அரிதாகவே கட்டப்படுகின்றன. அறைக்குள் இருக்கை இருக்கும். இருபது மணிநேரம் அதில் அமர்ந்த உடல் இருக்காது. உதவியாளர் படுத்துறங்கிய இடம், சமைத்த அடுப்பு, ஏற்றி இறக்கியவரின் தோள் ஆகியவை எந்த விகிதத்திலும் குறுக்கப்படுவதில்லை. மண்வண்டியிலும் வண்டிக்காரர் இல்லாமற்போவது உண்டு. ஆனால் இதே சாய்வு எழுத்து ஆவணங்களுக்கும் உண்டல்லவா? பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இருக்கும், ஓட்டுநர் பெயர் இருக்காது. சான்றின் குறையை அறிந்து பயன்படுத்துவதே ஆய்வு முறை. குறையிருப்பதால் சான்றையே விலக்குவது முறையன்று.

நடைமுறையில் செய்யக்கூடியது எளியது. மாதிரி கட்டுவோர் ஒவ்வொரு மாதிரியோடும் ஒரு தாளை வைக்கலாம். எந்த வண்டியை, எந்த ஊரில், எந்த ஆண்டில் அளந்தது. எவை அளந்தவை, எவை புகைப்படம் கொண்டு கணித்தவை, எவை நினைவால் நிரப்பியவை. பாடி கட்டிய பட்டறை எது என்பவை அதில் இருந்தால் போதும். வரலாறு, மானிடவியல், மொழியியல் மாணவர்கள் பட்டறைச் சொற்களையும் நெற்றிப் பலகைத் தொடர்களையும் அதனோடு சேர்த்துத் தொகுக்கலாம். போக்குவரத்து வரலாற்றில் ஆய்வேடு எழுதுவோர் தம் சான்றுப் பட்டியலில் அரசாணைக்கும் நாளிதழுக்கும் அடுத்த வரியில் ஒரு மாதிரி லாரியையும் அதன் தாளையும் குறிக்கலாம். பாடி கட்டிய மூத்த ஆசாரிமார் இன்னும் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் அளவு கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும்.